முப்பது சென்ட் சமதளம்: எங்க ஊர் மந்தையோட கதை



பத்து நாளா விடாத மழை. தோட்டத்துல கால் வச்சா வழுக்குது, களை வெட்ட ஆள் வரமாட்டேங்குறாங்க, காப்பிப் பழம் எடுக்க இன்னும் ஒரு மாசம் கிடக்கு. ரொம்ப நாளா மனசுல கிடந்த ஒரு விஷயத்தை எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கரண்டு வர்றதும் போறதுமா இருக்கு. பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

எழுத ரெண்டு காரணம். ஒண்ணு, லீவுக்கு வந்த எங்க அக்கா பேத்தி. அன்னிக்கு டவர் கிடைக்கலை. போனை வச்சுக்கிட்டு வீட்டைச் சுத்திச் சுத்தி வந்தவ கடைசியில என்கிட்ட வந்து, "தாத்தா, டிவியும் இல்லாம போனும் இல்லாம நீங்கல்லாம் என்னதான் செஞ்சீங்க? போரடிக்கலையா?"ன்னு கேட்டா. நல்ல கேள்விதான். "நெறைய இருந்துச்சு கண்ணு"ன்னு சொன்னேன். என்ன இருந்துச்சுன்னு அவ திருப்பிக் கேட்டப்போ கோர்வையா சொல்ல வரலை.

ரெண்டாவது காரணம் கொஞ்சம் சிக்கலானது. வர்ற ஞாயித்துக்கிழமை ஊர்க்கூட்டம். எங்க ஊர் மந்தையில பாதியைச் சமப்படுத்தி, சிமெண்டு போட்டு, சுற்றுலா வர்ற வண்டிங்க நிறுத்துற இடமா மாத்தலாம்னு ஒரு பேச்சு. சாவடியையும் இடிச்சுட்டு புதுசா ஒரு கட்டடம் கட்டலாம்னு சொல்றாங்க. வேணும்ங்கறவங்களும் எனக்கு வேண்டியவங்க, வேண்டாம்ங்கறவங்களும் வேண்டியவங்க. அதனால யார் பேரும் இதுல வராது. ஊர் பேரும் வராது.

ஊர் எங்கன்னு மட்டும் சொல்றேன். வத்தலக்குண்டுல இருந்து சித்தரேவு, பெரும்பாறை வழியா ஏறினா தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் வரும். கீழ்ப்பழனி மலைன்னு சொல்லுவாங்க. கொடைக்கானலுக்குப் போறவங்க பாதிப் பேருக்கு இப்படி ஒரு மலை இருக்கறதே தெரியாது. அவங்க போற ரோடு வேற. முருகன் பழனிக்குத் தாண்டிக் குதிச்ச இடம் அதனால தாண்டிக்குடின்னு எங்க பக்கம் ஒரு கதை உண்டு. அந்த மலை மடிப்புல ஒரு சின்ன ஊர் எங்களோடது.

மலை ஊர்ல எது அருமைன்னு கேட்டா சமவெளிக்காரங்க தண்ணீம்பாங்க, ரோடும்பாங்க. சமதளம்தான் அருமை. வீடு ஒரு படி மேல, அடுத்த வீடு ஒரு படி கீழ. தோட்டம் முழுக்கச் சரிவு. பந்து கீழ விழுந்தா அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுது. நாங்க கிட்டிப்புள்ளு ஆடுறப்போ புள்ளு எகிறி ஓடைக்குள்ள போயிடும். அடிச்சவன்தான் இறங்கி எடுத்துட்டு வரணும்னு ஒரு சட்டமே வச்சிருந்தோம். அதனால பலமா அடிக்கிறவன் எங்க ஊர்ல கெட்டிக்காரன் இல்ல, அளந்து அடிக்கிறவன்தான் கெட்டிக்காரன். ஒருமுறை வத்தலக்குண்டுப் பசங்களோட அவங்க ஊர் மைதானத்துல ஆடினோம். அந்த அகலத்தைப் பார்த்தே எங்களுக்குக் கை ஓடலை, தோத்துட்டு வந்தோம்.

அப்படிப்பட்ட ஊர்ல சமதளம்னு இருந்தது ரெண்டே வகை. ஒண்ணு காப்பி காயப்போடுற களம், அது அவங்கவங்க சொந்தம். இன்னொண்ணு மந்தை. முப்பது சென்ட் இருக்கும். சுத்தி பலா மரம், ஒரு ஓரத்துல ஓடு வேய்ஞ்ச சாவடி, அதுக்கு நாலு கல் தூண். புறம்போக்கு நிலம், யாருக்கும் பட்டா கிடையாது. ஊர்ல சிரிச்சது, அழுதது, ஆடினது, சண்டை போட்டது எல்லாம் அந்த முப்பது சென்ட்லதான்.

இந்த மலையில மனுசன் சமதளம் தேடினது நேத்து இன்னிக்கு இல்ல. தாண்டிக்குடிப் பக்கம் பாறை மேல பெரிய பெரிய பலகைக்கல்லை நட்டு, மேல ஒரு கல்லை மூடி வச்ச அமைப்புங்க நிறைய இருக்கு. நாங்க பாண்டவர் வீடுன்னு சொல்லுவோம். ஆடு மேய்க்கப் போறப்போ மழை வந்தா அதுக்குள்ள புகுந்துக்குவோம், கண்ணாமூச்சி ஆடுவோம். 2000-த்துக்கு அப்புறம் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்துல இருந்து பேராசிரியர் கா. ராஜன் ஆளுங்களோட வந்து தாண்டிக்குடியில தோண்டிப் பார்த்தார். அது செத்தவங்களுக்குக் கட்டின ஈமச்சின்னம், பெருங்கற்காலத்துதுன்னு சொன்னாங்க. சூதுபவள மணியெல்லாம் கிடைச்சுது. சூதுபவளக் கல் இந்த மலையில விளையறது இல்ல. அப்பவே கீழ இருந்து ஆளுங்க ஏறி வந்து கொடுத்து வாங்கியிருக்காங்கன்னு தானே அர்த்தம்? நாங்க ஒளிஞ்சு விளையாடினது சமாதியிலன்னு தெரிஞ்சப்போ எங்க பெரியம்மா எனக்குத் திருநீறு பூசி விட்டாங்க. அப்போ எனக்கு முப்பத்தஞ்சு வயசு தாண்டியாச்சு!

ஆனாலும் ரொம்ப காலத்துக்கு இந்த மலை தனியாத்தான் இருந்தது. 1821-ல வார்டுங்கற வெள்ளைக்கார சர்வே அதிகாரி வெள்ளகவி வழியா கொடைக்கானல் பக்கம் ஏறினதா எழுதி வச்சிருக்காங்க. அந்த வெள்ளகவிக்கு ரொம்ப காலம் ரோடே கிடையாது, குதிரை மேலதான் மூட்டை போகும். எங்க ஊரும் என் தாத்தா காலத்துல அப்படித்தான். ஆரஞ்சும் மலைவாழையும் குதிரைச் சுமையாவோ தலைச்சுமையாவோ இறங்கும். உப்பு, மண்ணெண்ணெய், துணி ஏறும். கூத்தாடி, குறி சொல்றவங்க, வளையல்காரர் எல்லாரும் அந்தப் பாதையில நடந்துதான் வந்தாங்க. மலை ஏறி வந்தவனை அன்னிக்கே திருப்பி அனுப்ப முடியாது. ராத்திரி சாவடியில தங்குவான், சாப்பாடு ஒரு வீட்டுல, கம்பளி ஒரு வீட்டுல. அவன் பேசுற பேச்சுதான் ஊருக்குச் செய்தி, அதுதான் பொழுதுபோக்கும்.

இப்போ சாவடிக்கு வர்றேன். அதோட திண்ணையில ஒரு பலகைக்கல், அதுல ஆடுபுலி ஆட்டக் கோடு செதுக்கியிருக்கும். எந்தக் காலத்துலன்னு ஊர்ல யாருக்கும் நினைப்பு இல்ல. முக்கோணத்துல குறுக்குக் கோடுங்க போட்டு 23 புள்ளி வரும். புலி 3, ஆடு 15. புலி தாண்டித் தாண்டி ஆட்டை வெட்டும். ஆடுங்க கூடி நின்னு புலியை நகர விடாம அடைக்கணும். ஆட்டுக்குப் பலாக்கொட்டை, புலிக்குக் கூழாங்கல். எங்க தாத்தா எப்பவும் ஆடுதான் ஆடுவார். "புலி ஆட மூளை வேண்டாம்டா, பசி இருந்தாப் போதும்"பார்.

மழைக்காலத்துல ஆம்பளைங்க பூரா அங்கதான். ஒரு பக்கம் ஆடுபுலி, ஒரு பக்கம் தாயம், நடுவுல கணப்பு போட்டிருக்கும். காப்பி விவசாயத்துக்குன்னு ஒரு ஓட்டம் உண்டு பாருங்க. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் பழம் எடுக்கிறது, தோல் நீக்குறது, காயப்போடுறதுன்னு தூங்கக்கூட நேரம் இருக்காது. அதுக்கப்புறம் மார்ச், ஏப்ரல்ல பூ மழைக்குக் காத்துக்கிட்டு வானத்தைப் பார்க்கணும். கையில கொஞ்சம் காசும் இருக்கும், வேலையும் இருக்காது. எங்க திருவிழா, நாடகம், கல்யாணம், வேட்டை எல்லாம் அந்த ரெண்டு மாசத்துல வர்றதுக்கு அதுதான் காரணம். சாமி நாள் குறிச்சார்னு சொல்லுவாங்க. எனக்கென்னவோ காப்பிச் செடிதான் குறிச்சுதுன்னு படுது.

வேட்டையைப் பத்தி ரொம்ப எழுதப் போறதில்ல. 1972-ல வனவிலங்குச் சட்டம் வந்துச்சு. வந்தும் கொஞ்ச காலம் எங்க பக்கம் நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். கறியைப் பங்கு போடுறது மட்டும் ஒரு நேர்த்தியா இருக்கும். போகாத விதவை வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அதோட விட்டுடறேன்.

நாடகம்தான் எனக்கு முக்கியம்.

சித்திரையில மாரியம்மன் திருவிழா. தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு வரி பிரிப்பாங்க. எங்க சித்தப்பா ஒருத்தர்தான் நாடகப் பொறுப்பு. மதுரைக்குப் போயி நடிகர் சங்கத்துல ராஜபார்ட்டு, ஸ்திரீபார்ட்டு, நாரதர், பபூன்னு தனித்தனியாப் பேசி முன்பணம் கொடுத்துட்டு வருவார். ஸ்பெஷல் நாடகம்னு அதுக்குப் பேர். ஒரு கம்பெனி கிடையாது. ராஜபார்ட்டு ஒரு ஊர்ல இருந்து வருவார், ஸ்திரீபார்ட்டு இன்னொரு ஊர்ல இருந்து வருவாங்க. மேடையில ஏறுறப்போதான் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பாங்க. ஒத்திகை கிடையாது. அப்படியும் விடிய விடிய நாடகம் போகும். ஏன்னா எல்லாருக்கும் பாடம் ஒண்ணு, சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வச்ச பாடம். 1922-ல செத்துப்போன ஒரு மனுசன் எழுதினதை, மலை மேல முப்பது சென்ட் இடத்துல, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல நாங்க பார்த்துக்கிட்டு இருந்தோம்.

எங்க ஊர்ல எப்பவும் வள்ளி திருமணம்தான். வேற நாடகம் போடச் சொன்னா ஊர் ஒத்துக்காது. காரணம் இருக்கு. வள்ளி தினைப்புனம் காக்கிறவ. எங்க பொம்பளைங்களும் பரண் மேல நின்னு கிளியும் பன்னியும் விரட்டினவங்க. மேடையில ஸ்திரீபார்ட்டு கவணைச் சுத்துறப்போ கீழ இருந்து எங்க அப்பத்தா சத்தமாவே, "இந்தப் புள்ள கவண்ல கல்லே வைக்கலை, இவ எங்க கிளி ஓட்டப் போறா"ன்னு சொல்லும். ஒரு வருசம் அது காதுல விழுந்து, அந்தம்மா மேடையில இருந்தே கும்பிட்டு, "நீங்க வந்து சொல்லிக் கொடுங்க ஆத்தா"ன்னுச்சு. கூட்டம் அடங்க அஞ்சு நிமிசம் ஆச்சு. நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் வரும்போது மணி ரெண்டு, மூணு இருக்கும். பனி இறங்கும். பிள்ளைங்க கம்பளிக்குள்ள தூங்கிடும். பெருசுங்க மட்டும் நிமிர்ந்து உக்காந்து, இவன் என்ன பதில் சொல்லப் போறான்னு பார்த்துக்கிட்டு இருப்பாங்க. பள்ளிக்கூடம் போகாத மனுசங்க அவங்க. மறுநாள் சாவடியில அந்தத் தர்க்கத்தை வச்சு மறுபடியும் ஒரு தர்க்கம் நடக்கும்.

இப்படி எழுதிக்கிட்டே போனா எல்லாம் பொன்னுலகமா இருந்தமாதிரி ஆயிடும். அப்படி இல்ல.

மந்தை பொதுன்னு சொல்றோம். யாருக்குப் பொது? சாவடித் திண்ணையில பொம்பளை உக்கார்ந்து நான் பார்த்ததே இல்ல. எங்கம்மா விறகுக் கட்டோட வந்தா மந்தையைக் குறுக்கே கடக்க மாட்டாங்க, கீழ்ப்பாதையில சுத்தித்தான் போவாங்க. சுமையோட, அந்த ஏத்தத்துல. நாடகத்துக்கும் பாதியில எழுந்து போயிடுவாங்க. நாலு மணிக்கு ஊத்துல தண்ணி பிடிக்கணும், மாவு ஆட்டணும். வள்ளி கல்யாணத்தை எங்கம்மா ஒரு வருசம்கூட முழுசாப் பார்த்ததில்ல. கடைசிக் காலத்துல ஒருநாள் இதைப் பத்திக் கேட்டேன். "எனக்கு மந்தைன்னா முளைப்பாரி ஏழு ராத்திரிதாண்டா"ன்னாங்க. திருவிழாவுக்கு முன்னால நவதானியம் போட்டு இருட்டு வீட்டுல முளைக்க வைப்பாங்க இல்லையா, அந்த ஏழு நாளும் ராத்திரி பொம்பளைங்க மந்தையில கும்மி அடிப்பாங்க. ஆம்பளைங்க யாரும் கிட்டப் போகக்கூடாது. வருசத்துல 365 நாள்ல ஏழு ராத்திரி. மத்தபடி அவங்க பேச்சு, சிரிப்பு, பாட்டு எல்லாம் வேலைக்கு நடுவுலதான், ஊத்துக்கரையிலயும் காப்பிச் செடி வரிசையிலயும். எங்களுக்கு வேலை முடிஞ்சப்புறம் பொழுதுபோக்கு. அவங்களுக்கு வேலை முடிஞ்சதே இல்ல.

கீழ்த்தெருக்காரங்க கதை இன்னும் கசப்பு. திருவிழாவுக்கு மேளம் அவங்கதான். தப்பு, உறுமி இல்லாம சாமி புறப்படாது. ஆனா அவங்க நிக்கிற இடம் மந்தைக்குக் கீழ இருக்கிற படியில, பலா மரத்தடியில. நாடகமும் அங்க இருந்துதான் பார்க்கணும். அங்க இருந்து பார்த்தா மேடையில இருக்கிறவங்க இடுப்புக்கு மேலதான் தெரியும். என்கூட ஒண்ணாம் வகுப்புல இருந்து பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சுல படிச்சவன் அந்தத் தெருப் பையன். பள்ளிக்கூடத்துல பக்கத்துல, நாடகத்துல கீழ. அப்போ அது எனக்கு வித்தியாசமாவே தெரியலை. அதை இப்போ எழுதக் கூச்சமாத்தான் இருக்கு.

ரேடியோவைச் சொல்லாம விட்டா வயசானவங்க கோவிச்சுக்குவாங்க. பஞ்சாயத்துல ஒரு ரேடியோ வாங்கி, சாவடி மேல கூம்புக் குழாய் கட்டினாங்க. வீட்டுல ரேடியோ வச்சுக்கணும்னா அப்பல்லாம் போஸ்டாபீசுல லைசென்ஸ் கட்டணும். எண்பதுகளுக்கு நடுவுலதான் அதை எடுத்தாங்க. மலை மேல இலங்கை வானொலி பக்கத்து வீட்டுல பேசுற மாதிரி கேட்கும். காலையில பொங்கும் பூம்புனல். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரலை வச்சே நாங்க நல்ல தமிழ் பேசக் கத்துக்கிட்டோம்னு சொன்னா மிகை இல்ல. குழாய்ச் சத்தத்துக்கு மேல் தெரு, கீழ்த் தெரு கிடையாது. எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரி கேட்டுச்சு. முதல்ல பொதுவானது அந்தச் சத்தம்தான்.

இனி என் பங்கைச் சொல்லணும்.

1987 டிசம்பர் 24-ல எம்.ஜி.ஆர். இறந்தார். ஊர்ல அடுப்பு எரியலை. அடுத்த சித்திரைத் திருவிழாவுக்கு வரிக் கூட்டம் நடந்தப்போ எனக்கு இருபது வயசு, இளைஞர் மன்றத்துல நான்தான் செயலாளர். நான் எழுந்து, "இந்த வருசம் நாடகம் வேண்டாம், டிவி, டெக் எடுத்து தலைவர் படம் போடலாம். நாடகத்துக்கு ஆகுற காசுல பாதிதான் ஆகும்"னு சொன்னேன். அப்பல்லாம் வத்தலக்குண்டுல கலர் டிவியும் வீடியோ டெக்கும் ஒரு ராத்திரி வாடகைக்குக் கிடைக்கும். ஜீப்புல ஏத்திட்டு வந்தா விடியறதுக்குள்ள மூணு படம். எல்லாக் கையும் தூக்கிடுச்சு. சித்தப்பா மட்டும் ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "சரிப்பா, உங்க காலம்"னுட்டு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனார்.

நாடோடி மன்னனும் எங்க வீட்டுப் பிள்ளையும் போட்டோம். கூட்டம்னா கூட்டம். சந்தோசமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஒரு வருசத்துக்குன்னு சொன்னது நாடகத்துக்கு முடிவாயிடுச்சு. அதுக்கப்புறம் எங்க ஊர்ல வள்ளிக்குக் கல்யாணம் நடக்கலை. ரெண்டு வருசத்துல மேளத்துக்கும் சொல்லி அனுப்பறதை நிறுத்திட்டோம், ரெக்கார்டு செட்டே போதும்னு. திருவிழா முடிஞ்ச மறுநாள் கீழ்த்தெருப் பெரியவர் ஒருத்தர் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னார். "இந்த வருசம் எங்களுக்குச் சொல்லி அனுப்பலையே சாமி"ன்னார். என் அப்பா வயசு அவருக்கு. நான் என்ன பதில் சொன்னேன்னு எனக்கே நினைப்பு இல்ல. உருப்படியா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்.

ரொம்ப வருசம் கழிச்சு அவர் மகன்கிட்ட, அதான் என்கூடப் படிச்சவன்கிட்ட, இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவன் சிரிச்சான். "நீ வருத்தப்படு, அது உன் இஷ்டம். எங்கப்பா மரத்தடியில நின்னு அடிக்கிறதை நிறுத்தினதுல எனக்கு வருத்தமில்ல. காசு போச்சு, அது வேற. ஆனா அந்த உறுமிச் சத்தம் மாதிரி இன்னிக்கு வரைக்கும் நான் ஒண்ணும் கேக்கலை, அதுவும் நெசம்"னான். இந்த மூணையும் சேர்த்து வச்சு இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

அப்புறம் பஞ்சாயத்து டிவி வந்தது. அதுக்கு முன்னால மேல் மலையில சிலர் பெரிய ஆண்டெனா கட்டி ரூபவாகினி பிடிச்சுப் பார்த்தாங்க. கொடைக்கானல் டவர் வந்ததும் தெளிவா தூர்தர்ஷன் கிடைச்சுது. மந்தையில ஒரு சின்ன ரூம் கட்டி, இரும்புக் கதவு போட்டு, உள்ள டிவி. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயித்துக்கிழமை படம். இந்தி தெரியாமலே மகாபாரதம் பார்த்தோம். கதைதான் தெரியுமே! இங்க ஒரு விசித்திரம் நடந்துச்சு. டிவி சின்னது, தூரத்துல இருந்து பார்த்தா தெரியாது. முதல் வாரம் கீழ்த்தெருப் பிள்ளைங்க மரத்தடியில நின்னுச்சுங்க. ரெண்டாவது வாரம் படியேறி வந்துச்சுங்க. மூணாவது வாரம் எல்லாப் பிள்ளைங்களும் ஒண்ணா மண்ணா தரையில உக்காந்திருந்துச்சு. பொம்பளைங்களும் வந்து ஒரு ஓரத்துல உக்காந்தாங்க. பெருசுங்க முணுமுணுத்தாங்க, ஆனா படம் ஓடிக்கிட்டு இருக்கும்போது யார் எழுந்து சண்டை போடுறது? நாடகத்தைக் கொன்னது அந்தப் பெட்டிதான். எங்க மந்தை ஓரளவுக்காவது பொதுவானதும் அந்தப் பெட்டி முன்னாலதான். எழுத்தாளருங்க யாராவது இதை விளக்குங்க, எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லிட்டேன்.

அந்தக் கூட்டமும் நாலஞ்சு வருசம்தான். 1994-ல பிரேசில் நாட்டுல ஜூன்லயும் ஜூலையிலயும் உறைபனி அடிச்சு அங்க காப்பிச் செடி கருகிப்போச்சு. உலகம் பூரா விலை ஏறுச்சு. அதே சமயத்துல காப்பி போர்டு கொட்டையை மொத்தமா வாங்கித் தவணை தவணையாப் பணம் கொடுக்கிற முறையையும் படிப்படியாத் தளர்த்தி, 1996-க்குள்ள எடுத்துட்டாங்க. சின்ன விவசாயி கையில மொத்தமாக் காசு வந்தது அப்பத்தான். வந்த காசுல என்ன வாங்கினோம்? கலர் டிவி. எங்க வீட்டுலயும்தான். எங்கேயோ பிரேசில்ல பனி அடிச்சதுக்கு எங்க ஊர் மந்தை காலியாச்சு. 2001, 2002-ல விலை அடியோட விழுந்தப்போ ஆளுக்கு ஆள் திருப்பூர் போனாங்க, டிவி மட்டும் வீட்டுலயே இருந்துச்சு. 2006-க்கு அப்புறம் அரசாங்கமே இலவசமாக் கொடுத்ததும் டிவி இல்லாத வீடே இல்ல. பஞ்சாயத்து டிவி ரூம்ல இப்போ ப்ளீச்சிங் பவுடர் மூட்டை இருக்கு.

ராத்திரி வெளிய வர்றதும் நின்னுபோச்சு. முன்னெல்லாம் பந்தம் பிடிச்சுக்கிட்டு பக்கத்து ஊர் நாடகத்துக்கு அஞ்சு மைல் நடப்போம். இப்போ ஏழு மணிக்கு மேல வாசப்படி தாண்டப் பயம். காட்டுமாடு களத்துல வந்து படுத்துக்கிடக்கு, யானை வாழைக்கு வருது. தப்பு அதுங்க மேல மட்டும் இல்ல. அதுங்க நடந்த பாதையில நாமதான் வேலி போட்டுருக்கோம். அதைத் தனியா ஒரு பதிவா எழுதறேன்.

இப்போ இந்த ஞாயித்துக்கிழமைக்கு வருவோம். வண்டி நிறுத்த இடம் வேணும்னு கேக்கிறவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. காப்பி, மிளகை மட்டும் நம்பி இனி பிள்ளைங்க ஊர்ல இருக்காது. நாலு பேர் வந்து தங்கினா நாலு காசு. மந்தையில இப்போ என்ன நடக்குதுன்னு கேக்கிறாங்க. ஒண்ணும் நடக்கலை, உண்மைதான். சாயங்காலம் பசங்க வாலிபால் ஆடுறாங்க, அவ்வளவுதான். ஆனா முப்பது சென்ட் சமதளத்தை ஒருதரம் கொடுத்துட்டா, இந்தச் சரிவுல இன்னொண்ணை எங்க போயி வெட்டுறது? மலையை வெட்டினா மழைக்குச் சரிஞ்சு வருதே, வருசா வருசம் பார்க்கிறோமே.

நாடகத்தைத் திரும்பக் கொண்டுவரணும்னு நான் கேக்கப் போறதில்ல. நான்தானே நிறுத்தினேன். மந்தையில ஒரு பொம்பளைக்கும் கீழ்த்தெருக்காரங்களுக்கும் சரியா இடம் கிடைக்கிறதுக்குள்ளயே அதை விட்டுக்கொடுக்கிறோமேன்னுதான் எனக்கு உறுத்தல். இதை மைக்ல சொல்ல எனக்கு வராது, அதான் இங்க எழுதறேன். ஊர்ப் பிள்ளைங்க பாதிப் பேர் இதைப் படிக்கிறாங்கன்னு தெரியும்.

நேத்து மழை கொஞ்சம் வெறிச்சப்போ பேத்தியைக் கூட்டிக்கிட்டு சாவடிக்குப் போனேன். பாசியைத் தேங்காய் நார் போட்டுத் தேச்சா கோடு தெரிஞ்சுது, மேல ஒரு மூலை மட்டும் உடைஞ்சிருக்கு. பலாக்கொட்டை இல்ல, இந்த மாசத்துல ஏது பலா? மிளகை வச்சுக்கிட்டோம், உருண்டு உருண்டு ஓடுச்சு. அவ திண்ணை மேல சம்மணம் போட்டு உக்காந்து, எனக்குப் புலிதான் வேணும்னா. மூணு ஆட்டம் ஆடினோம், ரெண்டுல நான் அடைச்சுட்டேன்.

கூட்டம் காலையில பத்து மணிக்கு. இந்தத் தடவை எல்லாரையும் சாவடி மேலயே உக்கார வச்சுப் பேசணும்னு பஞ்சாயத்துல சொல்லியிருக்கேன், பார்க்கலாம்னிருக்காங்க. என் சிநேகிதனும் வர்றேன்னிருக்கான். என்ன முடிவாச்சுன்னு அடுத்த பதிவுல எழுதறேன். மறுபடியும் தூத்தல் போடுது, களத்துல மிளகு கிடக்கு, அள்ளப் போறேன்.